படியேறியும் ஏறாத நாடி

"நான் நல்லாத்தான் இருக்கேன் மேடம். என் பேர்ல வேற யாரோ செத்துக்கிட்டு இருக்காங்க" என்றான் ரகுராம்.

சொன்னவன் தன் செல்போனை மேஜைமேல் மல்லாக்க வைத்தான். திரையில் ஒரு குட்டிச் சிவப்பு இதயம். அதன் பக்கத்தில் 38 என்ற எண்.

சங்கமித்ரா எண்ணைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். கழுத்தில் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை, மழிக்காத முகம், தூக்கம் கெட்ட கண்கள். காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்கு எதிரே, பேக்கரி மாடியில் இருக்கும் அவளுடைய துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கோபமாக வருவார்கள். இவன் பயந்துபோய் வந்திருந்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள் அவள். செத்ததாகச் சொல்லப்பட்டவன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். இது புதுசு.

"ஆதார் லிங்க் பண்ணாதீங்கன்னு சொன்னா யார் கேக்கறா" என்றான் ரெமிஜியஸ், ஜன்னலோரம் நின்றபடி.

அவளுடைய உதவியாளன். காக்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவன். இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவனுக்கு நிச்சயதார்த்தம். சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று காலையிலேயே அனுமதி வாங்கியிருந்தான். மழைக்காக ஜெர்கின்கூடப் போட்டுக்கொண்டு தயாராக நின்றான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றாள் சங்கமித்ரா.

"ஆபீஸ்ல ஒரு போட்டி மேடம். டீம்ல எல்லாரும் கைல வாட்ச் கட்டிக்கணும். தினம் பத்தாயிரம் அடி நடக்கணும். கம்மியானா மேனேஜர் குரூப்ல பேர் போட்டுக் கேப்பார். நான் நாற்காலிய விட்டு எந்திரிக்கறதே சாப்பிடத்தான். ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஃபிராங்க்ளின்னு ஒரு கோச் இருக்கார். பார்க்ல ஓட்டம் சொல்லித் தர்றவர். வாட்சைக் குடுத்தா, யார் கையிலயாவது கட்டி நடக்க வெச்சிடுவார்."

"நாய வாக்கிங் கூட்டிட்டுப் போக ஆள் இருக்கு, தெரியும். வாட்சுக்குமா?" என்றான் ரெமிஜியஸ்.

ரகுராம் சிரிக்கவில்லை. "அந்த வாட்ச்ல தனியா சிம் இருக்கு. அது எங்க இருந்தாலும் நாடித் துடிப்பும் நடந்த கணக்கும் என் போனுக்கு வந்துடும். முதல் வாரம் நாப்பத்தாறு. ஆபீஸ் நர்ஸ் எனக்கு வாழ்த்து அனுப்பினாங்க, விளையாட்டு வீரர் இதயம்னு. அப்புறம் நாப்பத்திரெண்டு. இப்ப இது. ஃபிராங்க்ளின் போன் காலைலேர்ந்து ஆஃப்."

"வாட்ச் எங்க இருக்குன்னு போன்ல தெரியுமே."

அவன் தலை குனிந்தது. "அத நான்தான் நிறுத்தி வெச்சேன். என் வாட்ச் பார்க்ல சுத்துது, நான் சோபால கெடக்கறேன்னு வீட்ல தெரிஞ்சுடும்னு."

"போலீஸுக்குப் போகலயா?"

"போனா வேலை போயிடும். போகலன்னா ஒரு உயிர் போயிடும். ராத்திரி பூரா இந்த நம்பரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் மேடம். யாருன்னே தெரியாதவங்களுக்காகச் சாமி கும்பிட்டேன்."

சங்கமித்ரா தன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். எதிர்முனையில் டாக்டர் நிருபமா. இன்ஷூரன்ஸ் காலத்திலிருந்து பழக்கம், இதய நோய் நிபுணர். விஷயத்தை நாலு வரியில் சொன்னதும் டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்.

"அந்த நம்பர் உக்காந்திருக்கும்போதா, நடக்கும்போதா?"

"அது முக்கியமா?"

"அதுதான் முக்கியம். அறுபதுக்குக் கீழ போனாலே ஆபத்துன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. இல்ல. தினம் ஓடறவங்களுக்கு உக்காந்திருக்கும்போது நாப்பது சொச்சம்கூட இருக்கும், கவலையே இல்ல. தூக்கத்துல இன்னும் எறங்கும். ஆனா நல்ல இதயம்னா படி ஏறும்போது துடிப்பும் ஏறணும். ஏறலன்னா, கூடவே தலை சுத்தி, கண்ணு இருட்டி, மயங்கி விழுந்தா, அது வீரர் இதயம் இல்ல. இதயத்துக்குள்ள போற கரண்ட்டு நடுவுல அறுந்திருக்கு."

சங்கமித்ரா ரகுராமின் போனில் நேற்றைய வரைபடத்தைத் தேடி எடுத்தாள். நடந்த கணக்கைக் காட்டும் கோடு மலைபோல் ஏறி இறங்கியது. அதற்குக் கீழே நாடிக் கோடு, மேஜை விளிம்புபோல நேராகக் கிடந்தது.

"ஏறவே இல்ல நிருபமா."

"வாட்ச் பொய் சொல்லலாம். பாதித் துடிப்ப விட்டுட்டு எண்ணும். யாராவது கை புடிச்சு நாடி பாக்கணும். ஆனா நெஜம்னா, அந்த ஆளை இன்னைக்கே கொண்டு வா. நாளைக்குன்னு தள்ளாதே."

"டாக்டர்" என்று குறுக்கிட்டான் ரெமிஜியஸ். "அந்த ஆளு முன்ன ஓட்டக்காரனா இருந்திருந்தா? ஸ்கூல்ல, அந்த மாதிரி?"

"எப்பவோ ஓடினதுக்கு இதயம் இப்ப சலுகை குடுக்காதுப்பா."

போன் வைக்கப்பட்டது. வழக்கமாக இந்த இடத்தில் ரெமிஜியஸ் ஒரு கடி ஜோக் அடிப்பான். அடிக்கவில்லை. ஜன்னல் கம்பியில் மழைத்துளியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"போன் எங்கிட்ட இருக்கட்டும். நீங்க இங்கயே இருங்க" என்று ரகுராமிடம் சொல்லிவிட்டு எழுந்தாள் சங்கமித்ரா. "வா ரெமி. ரிச்சர்ட்ஸ் டவுன் போய்ட்டு உன்னை வீட்ல விட்டுடறேன். உன் வண்டில போயிடலாம்."

"வண்டி சர்வீஸ்ல இருக்கு மேடம். ஆட்டோல போலாம்."

ஆட்டோவில் அவள் மடியில் அந்த இதயம் மினுங்கிக்கொண்டே வந்தது. 37. நடந்த கணக்கு அசையவில்லை. எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான். அல்லது படுத்திருக்கிறான். அல்லது விழுந்து கிடக்கிறான். பெங்களூரில் எத்தனை லட்சம் கைகள். அதில் ஒரு கையை எங்கே போய்த் தேடுவது?

"எங்க இருப்பான்னு நெனைக்கற?"

"மூடின கடை வாசல்ல உக்காந்து, நாடு எங்க போகுதுன்னு யோசிச்சுக்கிட்டு இருப்பான்" என்றான் ரெமிஜியஸ். குரலில் உப்பில்லை.

ஃபிராங்க்ளினின் வீடு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

"நீங்க போய் பெல் அடிங்க மேடம். யாராவது தப்பிச்சு ஓடினா கீழ நான் புடிச்சுக்கறேன்."

"ஓடினா நீ எப்பிடிப் புடிப்ப? வா மேல."

அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் போனைப் பார்த்தாள். நடந்த கணக்கு ஏற ஆரம்பித்திருந்தது. "உயிரோட இருக்கான் ரெமி, எந்திரிச்சு நடக்கறான்" என்று கீழே பார்த்துச் சொன்னாள். பதிலுக்கு ஒரு முனகல் வந்தது. இரண்டாவது மாடியில் மறுபடி பார்த்தாள். ஆள் நடந்துகொண்டுதான் இருந்தான். நாடி மட்டும் 36.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ட்ராக் பேன்ட். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாக வாட்சுகள்.

"ஃபிராங்க்ளின் சார், உங்ககிட்ட குடுத்த ரகுராமோட வாட்ச் இப்ப யார் கைல இருக்கு?"

அவர் முகம் வெளுத்தது. "அது வந்து... சும்மா ஒரு உதவிக்கு..."

"உங்க தொழிலப் பத்திப் பேச வரல. அந்த வாட்ச் கட்டியிருக்கற ஆளோட இதயம் நின்னுட்டு வருது. பேர் சொல்லுங்க."

அவர் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது. படியில் ரெமிஜியஸ் வந்து சேர்ந்திருந்தான். சுவரில் ஒரு கையை ஊன்றி, நெற்றியில் வேர்வையோடு.

"பேர் தெரியாது மேடம்" என்றார் ஃபிராங்க்ளின். "வருவான், வாங்கிக்குவான், போயிடுவான்."

"எந்த ஊர்?"

"அத்திபெலே பக்கமா?" என்றான் ரெமிஜியஸ், மூச்சுக்கு நடுவே.

"ஆ... ஆமா. அத்திபெலேதான். பஸ்ல வருவான்."

"எனக்கு அங்க ஆள் தெரியும் மேடம். நீங்க ஆபீஸ் போங்க. நான் நிச்சயதார்த்தத்த முடிச்சுட்டு, காலைல மொத பஸ்ஸப் புடிச்சுப் போய்..."

"டாக்டர் இன்னைக்கேன்னாங்க."

"ஒரு ராத்திரிதான மேடம்" என்றான் அவன். கெஞ்சுவதுபோல் இருந்தது அது.

அவள் மறுபடி ஃபிராங்க்ளினிடம் திரும்பினாள். ரெமிஜியஸின் கேள்வியிலேயே பதில் இருந்தது. அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். இன்ஷூரன்ஸ் விசாரணையில் நூறு சாட்சிகள் இப்படி ஆமாம் போட்டுப் பார்த்திருக்கிறாள். கேட்டவன் தன் ஆள் என்பதுதான் இடித்தது.

படியிறங்கினாள். பின்னால் ரெமிஜியஸின் செருப்புச் சத்தம், விட்டு விட்டு. தெருவுக்கு வந்து நின்று போனைப் பார்த்தாள்.

கணக்கு நின்றிருந்தது.

ஆட்டோவில் வரும்போது நின்றிருந்தது. படி ஏறும்போது ஓடியது. ஃபிராங்க்ளின் வாசலில் நின்றது. இறங்கும்போது மறுபடி ஓடியிருக்கிறது. நாங்கள் நடந்தால் அவன் நடக்கிறான். நாங்கள் நின்றால் அவன் நிற்கிறான்.

தற்செயலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே சொன்னாள்.

"ரெமி, எதிர்க்கடைல ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா. நான் இங்கயே நிக்கறேன்."

அவன் ரோட்டைக் கடந்தான். அவள் கால் அசையவில்லை. கையிலிருந்த எண் அசைந்தது. அவன் கடை முன்னால் நின்றான். எண் இரண்டு மூச்சு நேரம் தாமதித்து நின்றது. அவன் பாட்டிலோடு திரும்பினான். எண்ணும் அவன் கூடவே நடந்து வந்தது.

"இந்தாங்க மேடம். கூலிங் இல்லயாம். கடைக்காரர் மனசு மாதிரி வெதுவெதுன்னு..."

"ஜெர்கினைக் கழட்டு."

"மழ வருது மேடம்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். தோல் சில்லென்று ஈரமாக இருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே விரல்களை அழுத்தி வைத்தாள். ஒரு துடிப்பு. பிறகு ஒன்றுமில்லை. ஒரு பைக் அவர்களைக் கடந்து போனது. பிறகுதான் அடுத்த துடிப்பு வந்தது.

வாட்ச் பொய் சொல்லவில்லை.

ஜெர்கின் கையை மேலே தள்ளினாள். முழங்கைக்குச் சற்றுக் கீழே, கறுப்புப் பட்டையில், பச்சை வெளிச்சம் கசிய அது இருந்தது.

"எத்தன நாளா?" என்றாள்.

"வாட்ச் மூணு வாரமா. கல்யாணச் செலவுக்கு ஆகும்னு. மத்தது தெரியல மேடம். பாத்ரூம்ல ஒரு தடவ விழுந்தேன். பஸ் ஸ்டாப்ல ஒரு தடவ. கண்ணு இருட்டும், அப்புறம் பாத்தா தரைல கெடப்பேன். நாஷ்டா சாப்பிடாததாலன்னு நெனச்சேன்."

"வண்டி சர்வீஸ்ல இல்ல."

"வீட்லதான் நிக்குது. யார் மேலயாவது ஏத்திடுவனோன்னு பயம்."

"பயம் வந்தப்பவே டாக்டர்கிட்ட போயிருக்கணும்."

"போனேன். சர்ச்சுல மெடிக்கல் கேம்ப் போட்டாங்க. ஸ்கூல்ல ஸ்டேட் லெவல் ஓடியிருக்கேன்னு சொன்னேன். கை புடிச்சுப் பாத்துட்டு, ஓட்டக்காரன் இதயம்பா, நூறு வயசு இருப்பேன்னார். நல்ல செய்தி மேடம். யாருக்குத்தான் நம்ப ஆசையா இருக்காது? டாக்டரம்மா பேசற வரைக்கும் நம்பினேன்."

"அப்புறமும் வாயத் திறக்கலயே ரெமி. அத்திபெலேங்கற."

அவன் காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்தான். "ஏழு மணிக்கு டீனா வீட்லேர்ந்து வர்றாங்க. மோதிரம் மாத்திட்டா போதும், காலைல நானே போய்ப் படுத்துக்கறேன்னு நெனச்சேன். கரண்ட்டு அறுந்துபோய் நெஞ்சுல பேட்டரி வெச்சவனுக்கு யார் மேடம் பொண்ணு குடுப்பாங்க? அவங்கப்பா அம்புரோஸ் சார் தேங்காயக்கூட மூணு கடைல தட்டிப் பாத்துத்தான் வாங்குவார்."

"மறைக்கறவன் வாட்சைக் கழட்டித் தூக்கிப் போட்டிருக்கலாமே. நான் கண்டே புடிச்சிருக்க மாட்டேன்."

ரெமிஜியஸ் அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் இப்போது விளையாட்டே இல்லை.

"கழட்டினா நம்பர் நின்னுடும். ஆள் போயிட்டான்னு நெனச்சு, நீங்க தேடறத விட்டுட்டா?"

அவன் கையை இறுக்கிப் பிடித்து, ரோட்டைப் பார்த்து ஆட்டோவுக்குக் கை காட்டினாள். ஒரு ஆட்டோ வேகம் குறைத்தது.

"ஏறு. நிருபமா இருக்கற ஆஸ்பத்திரி பக்கம்தான்."

"மேடம், டீனாவுக்கு ஒரு போன்..." என்றவன் பாதியில் நிறுத்தினான். அவளைத் தாண்டி எதையோ பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு முழங்கால்கள் மடிந்து, சுவரோடு சரிந்து, ஈர நடைபாதையில் விழுந்தான்.

தண்ணீர் பாட்டில் உருண்டு போனது. அவள் விரலுக்கடியில் ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினாள். கழுத்தில் தேடினாள். இல்லை. போனில் எண் இருந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடுகள்.

"ஃபிராங்க்ளின்" என்று கத்தினாள், மூன்றாவது மாடியைப் பார்த்து. இரண்டு உள்ளங்கையையும் அவன் நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்த ஆரம்பித்தாள். டி.வி.யில் பார்த்ததுதான். சரியா தவறா என்று தெரியாது. அழுத்தினாள். மழை வலுத்தது. யார் யாரோ வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் சோடா கொடுங்கள் என்றார். ஒருவர் கையில் சாவி கொடுங்கள் என்றார்.

"தள்ளுங்க." செருப்பில்லாமல் ஓடி வந்த ஃபிராங்க்ளின் மண்டியிட்டார். "நான் பண்றேன். பசங்களுக்கு ஓட்டம் சொல்லித் தர்றதுக்கு முன்னாடி இதத்தான் கத்துக் குடுத்தாங்க." அவர் கைகள் தாளம் தப்பாமல் இறங்கின. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவர் கை வாட்சுகள் ஒன்றோடொன்று இடித்தன. "சொல்லியிருக்கணும். அவன் கண்ணாலயே வேணாம்னான். நான் சொல்லியிருக்கணும்."

"இப்ப பேசாதீங்க. அழுத்துங்க."

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. ரெமிஜியஸின் தொண்டையிலிருந்து, தண்ணீருக்கடியிலிருந்து எழுகிறவன்போல, ஒரு இழுப்பு வந்தது. இமை அசைந்தது.

"பன்னி மேடம், ஹாஸ்பிட்டல் இல்லே ஹத்திர" என்றார் ஆட்டோக்காரர் கன்னடத்தில், வாங்க, ஆஸ்பத்திரி இங்கே பக்கத்தில்தான் என்று. மூன்று பேர் சேர்ந்து தூக்கி உள்ளே கிடத்தினார்கள். வண்டி ஓட்டத்தில் ஃபிராங்க்ளின் ஒரு பக்கம் அவனைத் தாங்கிக்கொள்ள, மறுபக்கம் சங்கமித்ரா அவன் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். ஒரு துடிப்பு வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருந்தாள். வந்தது. மறுபடி காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான சாலையை அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நிருபமா வெளியே வந்தபோது ஜன்னலுக்கு வெளியே தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"பொழச்சுட்டான்" என்றாள் முதலில். பிறகுதான் மூச்சு விட்டாள். "இதயத்தோட மேல் அறை அனுப்பற சிக்னல் கீழ் அறைக்குப் போய்ச் சேரல. கீழ் அறை தனக்குத் தெரிஞ்ச வேகத்துல தடவித் தடவி அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. நடுவுல அதுவும் களைச்சு நின்னுடுச்சு. இப்ப தற்காலிகமா ஒரு ஒயர் விட்டு ஓட வெச்சிருக்கோம். நாளைக்குப் பேஸ்மேக்கர். இந்த மூணு வார நாடிக் கணக்கும் எனக்கு வேணும். ஆனா அது வேற ஒருத்தர் பேர்ல இருக்குன்னியே?"

"நான்தான் டாக்டர்." தகவல் தெரிந்து வந்திருந்த ரகுராம் சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தான். "வாட்ச் என்னுது, கை என்னுது இல்லன்னு கேஸ்ல எழுதிக்கங்க. ஆபீஸ்ல நானே சொல்லிக்கறேன்."

அப்போது லிஃப்ட் திறந்தது. பச்சைப் பட்டுப் புடவையில், தலையில் வாடாத மல்லிகையோடு டீனா ஓடி வந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஐ.சி.யூ. கண்ணாடிக்கு நேராகப் போய் இரண்டு கையையும் அதில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், கோட்டும் டையுமாக அம்புரோஸ் நிதானமாக வந்தார்.

"மாப்பிள்ளைக்கு என்ன?" என்று சங்கமித்ராவிடம் கேட்டார்.

ஃபுட் பாய்சன் என்று சொல்லலாம். காய்ச்சல் என்று சொல்லலாம். ரெமிஜியஸ் விழித்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பான். அவள் அந்த மணிக்கட்டை நினைத்துக்கொண்டாள். இன்னொரு பொய் அதற்குத் தாங்காது.

"இதயத் துடிப்பு ரொம்ப மெதுவாயிடுச்சு சார். நின்னே போச்சு. நாளைக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் வெக்கறாங்க. இனிமே எப்பவும் அது இருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு மறைச்சு வெச்சு, இன்னைக்குச் சாகப் பாத்தான்."

அம்புரோஸ் முகத்தில் எதுவும் அசையவில்லை.

"எவ்ளோ இருந்துச்சு?"

"முப்பத்தாறு. விழறதுக்கு முன்னாடி இன்னும் கம்மி."

அவர் மகளைப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் டையைத் தளர்த்தினார். சட்டையின் மேல் பட்டன் இரண்டைக் கழற்றினார். இடது காறை எலும்புக்குக் கீழே, ஒரு பழைய தழும்புக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்குத் தோல் புடைத்திருந்தது.

"இது வெச்சு எட்டு வருஷமாச்சு. எனக்கு முப்பதுல போய் நின்னுச்சு" என்றார் மெல்ல. "பையன் வீட்டுக்குத் தெரிஞ்சா பரம்பரை வியாதின்னு கல்யாணத்த நிறுத்திடுவாங்கன்னு, டீனா அம்மா யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னுட்டா. இந்தக் கோட்டு அதுக்குத்தான் போட்டேன்."

நர்ஸ் கதவைத் திறந்து, ஒருவர் மட்டும் போகலாம் என்றாள். டீனா திரும்பினாள்.

"நீ அப்புறம் போம்மா" என்றார் அம்புரோஸ். "மொதல்ல நான் போறேன்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சங்கமித்ரா பார்த்துக்கொண்டிருந்தாள். ரெமிஜியஸ் கண் திறந்து அவரைப் பார்த்ததும் எழப் பார்த்தான். அவர் தோளை அழுத்திப் படுக்க வைத்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்தார். என்ன சொன்னார் என்று வெளியே கேட்கவில்லை. ஊசி குத்தாத கையைப் பார்த்து எடுத்து, திறந்திருந்த தன் சட்டைக்குள் கொண்டு போய், அந்தப் புடைப்பின்மேல் வைத்து அப்படியே பிடித்துக்கொண்டார்.